மலைக்கொட்டாய்த் தொட்டி

எட்டுப் பேருடைய போன்களும் தனப்பிரியாவின் பையில் இருந்தன. மலையில் போன் பார்க்கக் கூடாது என்பது நடைக்குழுத் தலைவர் மோகன்குமாரின் சட்டம். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடை வைத்திருப்பவர்.

"தனப்பிரியாகிட்டக் குடுங்க. அந்தப் பொண்ணு வாயத் தொறந்து நாம் பாத்ததேயில்ல. எதையும் எடுத்துக் குடுக்காது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேதியியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த தனப்பிரியாவும் தலையைக் குனிந்து சிரித்துவைத்தாள்.

நாலு மணி நேரம் ஏறி, பொழுது சாயும்போது ராத்தங்கும் கொட்டாய்க்கு வந்து சேர்ந்தார்கள். கல்சுவர், தகரக் கூரை, வாசலில் ஒரு சிமெண்டுத் தொட்டி. விளிம்புவரை தண்ணீர். வழிகாட்டி வந்த மலைக்காரர் சின்னண்ணன் மூட்டையை இறக்கியதும் அதைத்தான் காட்டினார்.

"குடிக்க, சமைக்க எடுத்துக்கங்க சாமி. காலையில எறங்கறப்ப மறுபடி நெப்பிவெச்சுட்டுப் போயிரணும், இருபத்திநாலு குடம் புடிக்கும். இங்க தங்கறவங்க எல்லாரும் அப்படித்தான். நாளைக்குச் சந்தை. மேலூருப் பொம்பளைங்க பலாப்பழம் சொமந்துக்கிட்டு வருவாங்க. சொமையோட சுனைக்கு எறங்க முடியாது. இத விட்டா அவங்களுக்கு அடிவாரத்துலதான் தண்ணி."

"அதுக்கென்னங்க, நெப்பிட்டாப் போச்சு" என்றார் மோகன்குமார்.

விடிந்து தனப்பிரியா வெளியே வந்தபோது மோகன்குமார் குடத்தால் மொண்டு மொண்டு ஷூவில் அப்பியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தார். பின்னால் நாலு பேர் ஷூவோடு நின்றார்கள். குழுவில் வந்த அனிதா தலைக்கு ஷாம்பூ போட்டிருந்தாள். தொட்டியின் அடியில் ஒரு சாண் கலங்கல்தான் மிச்சம்.

தனப்பிரியாவுக்குக் காது மடல் சுட்டது. ராத்திரி வாய் கொப்பளிக்கக்கூட அரை டம்ளர்தான் எடுத்திருந்தாள்.

"நெப்பணுமில்லைங்களா?" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

சின்னண்ணன் தொட்டியை எட்டிப் பார்த்தார். இரண்டு குடங்களைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். அறுபதைத் தாண்டியவர். சுனைக்கு நூறு படி, எல்லாம் வழுக்குப் பாறை.

"அவரு பழகினவரு, நெப்பிருவாரு. நாம கெளம்பலாம், வேன் நிக்கும்" என்று மோகன்குமார் ஷூவை மாட்டினார். "பையக் குடு அம்மணி."

அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தர மாட்டனுங்க. இருபத்திநாலு குடம் புடிக்கும். ஆளுக்கு மூணு. ஊத்துனதுக்கப்புறம் போன்."

"ஏம்மணி, வெளையாடறயா?"

"ஊரே குடிக்கற தண்ணியில ஷூக் கழுவிட்டு, வயசானவரப் பள்ளத்துக்கு அனுப்பிட்டு நிக்கறீங்களே. வெக்கமா இல்லைங்களா?" குரல் நடுங்கியது. ஆனால் இந்த முறை எல்லாருக்கும் கேட்டது.

"அடேங்கப்பா, வாயி வந்துருச்சு!" என்றாள் அனிதா. யாரும் சிரிக்கவில்லை. ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அவளே முதல் குடத்தை எடுத்தாள்.

தனப்பிரியா கலங்கலைத் திறந்துவிட்டுத் தொட்டியைத் தேய்த்தாள். பையைத் தோளில் மாட்டியபடியே தன் மூன்று குடத்தையும் சுமந்தாள். மற்றவர்கள் முனகிக்கொண்டே ஏறி இறங்கினார்கள். சின்னண்ணனை அவள் திரும்ப இறங்க விடவில்லை.

மோகன்குமார் கடைசியாக வந்து குடத்தைச் சாய்க்கப் போனார்.

"அது அரைக் குடமுங்க" என்றாள் தனப்பிரியா.

"அதனால என்ன இப்ப?"

"உங்க கடையில அரை மூட்டையக் குடுத்து முழு மூட்டைன்னு சொல்லுவீங்களா?"

அவர் முகம் கறுத்தது. சின்னண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மோகன்குமார் குடத்தோடு மறுபடி பள்ளத்தில் இறங்கினார்.

அவர் ஏறி வரும்போது மேல்வழியில் பேச்சுச் சத்தம் கேட்டது. முதலில் வந்தவள் பலாச் சுமையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொட்டியில் ஒரு சொம்பு மொண்டு அண்ணாந்து குடித்தாள். இவர்கள் யாரையும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தனப்பிரியா பையைத் திறந்து போன்களைக் கொடுத்தாள். அடிவாரம் வரை ஒருவரும் அவளோடு பேசவில்லை. அவளுக்கும் கோபம் ஆறவில்லை.