கூடப் போகாதவள்

லாரியிலிருந்து பிணமாக இறக்கிக் கட்டிலில் கிடத்தியிருந்த ரெமிஜியஸின் காலிலிருந்து கேன்வாஸ் ஷூவைக் கழற்றப்போன பெர்னதெத்தின் கை பாதியில் நின்றது. கயிற்றில் இருந்தது அவள் போட்ட முடிச்சு இல்லை. தொப்பை விழுந்து குனிய முடியாமல் போனதிலிருந்து புருஷனுக்கு ஷூ கட்டிவிடுவது அவள்தான். இன்று காலை மட்டும் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்திருக்கவே இல்லை. யார் கட்டியிருப்பார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லை. கத்தரிக்கோலை எடுத்துவந்து கயிற்றை வெட்டினாள்.

ரெமிஜியஸ் வேலை பார்த்த பேக்கரியின் ஆட்கள் சேர்ந்து மாகடி தாண்டி ஒரு மலைக்கிராமத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார்கள். குழந்தைகள்கூட ஏறிவிடும் குன்று. "நீயும் வாயேன்" என்று அவர் கூப்பிட்டபோது, "டோரீன் வந்தா நான் வரல" என்றாள் பெர்னதெத். டோரீன் அவள் தங்கை. சுதந்திரம் வந்த மறுவருஷம் புருஷனைப் பறிகொடுத்து ஜீவனஹள்ளியில் இவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். ரெமிஜியஸின் பழைய ஜோக்குக்கும் புதிதாகச் சிரிப்பாள். அதற்காகவே அவர் மெனக்கெட்டுச் சொல்வார். தப்பாக ஒன்றும் கிடையாது என்று பெர்னதெத்துக்குத் தெரியும். தப்பு இருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். தங்கையை விட்டுவிட்டுத் தன்னைக் கூட்டிப்போவார் என்று முரண்டு பிடித்துப் பார்த்தாள். அவர் மச்சினியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் துக்கத்துக்கு வந்தவர்கள் பெர்னதெத்தின் கையைத்தான் முதலில் பிடித்தார்கள். "எப்டிம்மா ஆச்சு?" என்று கேட்டுவிட்டு டோரீன் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சாவு வீட்டில் கேட்டவருக்கெல்லாம் சொல்லியாக வேண்டும். கூட இருந்தவள்தானே சொல்ல முடியும்?

"மேல ஏறினதும் நெஞ்ச புடிச்சினு உக்காந்துட்டாரு. தண்ணி கேட்டாரு, குடுத்தேன். அப்டியே என் மடியில சாஞ்சி..."

மடி என்ற சொல் வந்ததும் பெர்னதெத்தால் உட்கார்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

"கடைசித் தண்ணி உன் கையால குடிச்சிருக்காரு" என்று பக்கத்து வீட்டு பாகீரதி டோரீனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெர்னதெத்தால் தாங்க முடியவில்லை. தங்கையைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"இனிமே நீ வாயத் தொறக்கக் கூடாது."

"கேக்குறாங்களேக்கா."

"நான் சொல்லிக்கிறேன். எம்புருஷன்."

டோரீன் அவளையே பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

பெட்டியை மூடப்போகும் நேரத்தில் எதிர்த்தெரு ஜகதாம்பாள் வந்து சேர்ந்தாள். "நல்லாத்தானே இருந்தாரு, எப்டி ஆச்சும்மா?"

"மெதுவாத்தான் ஏறுனோம்" என்று ஆரம்பித்தாள் பெர்னதெத். "நெஞ்சு அடைக்குதுன்னாரு. தண்ணி குடுத்தேன். எம்மடியிலதான் சாஞ்சாரு."

பாகீரதி அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பெர்னதெத் அவள் பக்கம் பார்க்கவில்லை.

"கடைசியா எதனாச்சும் சொன்னாரா?"

 மடிக்குப் பிறகு டோரீன் சொன்னதைப் பெர்னதெத் ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்டதில்லை.

தலைமாட்டில் விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த டோரீன் நிமிராமலே சொன்னாள்: "'வீட்டுக்குப் போலாம் பெர்னா'ன்னு உன்னாண்ட சொன்னாருல்லக்கா."

பெர்னா என்று அவர் பெர்னதெத்தைக் கூப்பிடுவது இருவரும் தனியாக இருக்கும்போது மட்டும்தான்; டோரீன் முன்னால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"ஆமா" என்றாள் பெர்னதெத். "அதான் சொன்னாரு."

டோரீன் எழுந்து, விசிறியை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, கதவோரமாகப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.