பிரிவு பதினான்கு

லோர்னா வான்டர்ஸ்டீன் ஒன்பது வருடமாகக் கடன் சங்கங்களின் மாநிலக் கூட்டமைப்பில் இருக்கிறாள். அரசு ஒரு புதிய விதியை முன்வைத்தால், முப்பது நாளுக்குள் பதில் கடிதம் எழுதுவது அவள் வேலை. சுற்றியுள்ள ஐந்து மாநிலங்களிலும் இதே வேலைக்கு ஆட்கள் உண்டு. மாதம் ஒருமுறை எல்லோரும் தொலைபேசியில் கூடுவார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் தன் மாநிலத்துக்கு ஏற்ப மாற்றி அனுப்பலாம். எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும்.

கிரெய்க் ஹோலன்பெக் சொல்லவில்லை. மிசௌரி ஆற்றுக்கு அக்கரை மாநிலக்காரன் அவன். போன வருடம் அவளுடைய கடிதத்தைத் தன்னுடையதாகக் காட்டி, லோர்னாவும் விண்ணப்பித்திருந்த, கடன் சங்கங்களுக்கான வாஷிங்டன் தேசியக் குழுவில் இடம் பிடித்துவிட்டான்.

இந்த வசந்தத்தில் இரண்டு மாநிலங்களும் ஒரே விதியை முன்வைத்தன: சிறிய சங்கங்களுக்கும் வருடா வருடம் முழுக் கணக்கு ஆய்வு. மூன்று பேர் வேலை செய்யும் சங்கம் அதன் செலவிலேயே நொடித்துப்போகும்.

“வழக்கம்போல நீயே சமைச்சிடு லோர்னா, நாங்க தட்டோட வந்துடறோம்,” என்றான் கிரெய்க், அந்த மாதத் தொலைபேசிக் கூட்டத்தில். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அவள் எழுதிய பதில் கடிதத்தின் உயிர் ஒரே வரியில் இருந்தது: பிரிவு 14-ஐ எல்லாச் சிறிய சங்கங்களுக்கும் உடனே பயன்படுத்துங்கள். அவள் மாநிலச் சட்டத்தில் பிரிவு 14 ஆய்விலிருந்து விலக்குத் தருவது. மற்ற மாநிலங்களில் அதே எண்ணில் வேறு ஏதாவது இருக்கும். அதனால் எந்த மாநிலத்தில் எந்தப் பிரிவு என்று ஓர் அட்டவணையை எப்போதும் கீழே சேர்ப்பாள். இந்த முறை சேர்க்கவில்லை. கிரெய்க்கைத் தவிர மற்ற நால்வருக்கும் அதைத் தனியாக அனுப்பிவைத்தாள்.

கிரெய்க்கின் மாநிலத்தில் பிரிவு 14, சங்கத்தை இழுத்து மூடுவதற்கானது.

வந்த கடிதங்களை அந்த மாநிலத்தின் கடன் சங்க ஆணையர் அலுவலகம் அன்றன்றே பொதுப் பார்வைக்கு வைக்கும். கிரெய்க்கின் கையெழுத்தோடு அந்த வரி தெரிந்ததும் லோர்னா அதை இரண்டு முறை ரசித்துப் படித்தாள். பிறகு, முன்பே எழுதி வைத்திருந்த தன் கடிதத்தை அதே ஆணையருக்கு அனுப்பினாள். வெளி மாநிலத்தார் எழுதவும் தடை இல்லை.

‘ஹோலன்பெக் அவர்கள் அனுப்பியது என் மாநிலத்துக்காக நான் எழுதிய கடிதம். தங்கள் சட்டத்தில் பிரிவு 14 சங்கங்களை மூடுவது. விலக்குத் தருவது பிரிவு 22. மூலப் பிரதியை இணைத்துள்ளேன்.’ ஒரு நகல் வாஷிங்டன் குழுவுக்கும் போனது.

மறுநாள் காலை கிரெய்க் கூப்பிட்டான். ஆணையர் கூட்டத்தில் அந்த வரியை உரக்கப் படிக்க, அறையே சிரித்ததாம்.

“வேணும்னுதானே அட்டவணையை எடுத்தே?”

“ஆமா.”

“எங்க சங்கங்க என்ன பாவம் பண்ணுச்சு?”

“அதுங்களுக்காகத்தான் கெடு முடியறதுக்குள்ள திருத்தம் அனுப்பினேன். உனக்காக இல்ல.”

அவன் குரல் இறங்கியது. “உன் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்க, லோர்னா.”

“பொதுக் கோப்புல ஏறினதைத் திரும்ப வாங்க முடியாது கிரெய்க். விதியில இருக்கு. ஒரு தடவையாவது படிச்சுப் பாரு.”