மூன்று கிலோமீட்டர் கொசுறு

வலைக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், பந்தின் வேகத்தைக் காட்டும் ஸ்பீட் கன்னைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மிகாமிக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்றைய பேஸ்பால் ஆட்டத்தில் எட்டு இன்னிங்ஸ் வீசிய வலது தோள் விண்விண்ணென்று தெறித்தது. மைதானத்துக்கு அப்பால் சாலையில் ஒரு லாரி போனாலும் கன்னில் சிவப்பு எண் விழும். மூன்று விநாடி நின்று அழிந்துவிடும். பழைய கன். புதியது வாங்க அணியிடம் வக்கில்லை.

சட்டைப்பையில் போன் இரண்டு முறை அதிர்ந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட் மேனேஜர் ஓனிஷியாகத்தான் இருக்கும். காய்கறிப் பிரிவில் நிரந்தர வேலை தருகிறேன் என்றிருக்கிறார். இன்று ஆறு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் பேஸ்பாலுக்கு முழுக்கு. இதுவரை அரைநாள் முட்டைக்கோஸ் அடுக்கி, அரைநாள் பந்து வீசி நான்கு வருடம் ஓட்டியாயிற்று. வயது இருபத்தைந்து. பெரிய அணிக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் ஆட்டம் பார்க்க வருகிறார் என்றார்கள். அதை நம்பித்தான் நேற்று உயிரைக் கொடுத்து வீசினான். ஆனால் காற்று பலமாக இருக்கிறதென்று கடல் பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். வரவேண்டியவர் வரவில்லை.

இன்று வந்துவிட்டார். உராபே. ஐம்பது தாண்டிய மனிதர். மிகாமியின் பக்கத்து இருக்கையிலேயே வந்து உட்கார்ந்து, தன் கன்னை மடியில் வைத்துக்கொண்டு பார்லி டீ பாட்டிலைத் திறந்தார்.

இன்று வீசுபவன் கஷிவாகி, பத்தொன்பது வயது. இரண்டு நாள் ஆட்டமென்றால் ஒருவன் வீசும்போது மற்றவன் கன் பிடித்து ஒவ்வொரு பந்தின் வேகத்தையும் தாளில் எழுத வேண்டும் என்பது அணி வழக்கம். அதோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு வழக்கமும் உண்டு. நண்பன் வீசினால் ஒரு கிலோமீட்டர் கூட்டி எழுதுவது. கொசுறு என்பார்கள். கோச்சுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்.

நேற்று பஸ்ஸில் கஷிவாகி காதருகே வந்து சொன்னான்: "அண்ணே, அந்தக் கடைசிப் பந்து நூத்தி நாப்பத்தேழுதான். நான் நூத்தி அம்பதுன்னு போட்டுட்டேன்."

"மூணா? காய் விக்கிற நானே அவ்ளோ கொசுறு போடமாட்டேன்டா. அழிச்சுடு."

"உங்களுக்கு வேணாம்னா நீங்களே அழிச்சுக்குங்க." சிரித்துக்கொண்டே தாளைக் கையில் திணித்துவிட்டான். ரப்பர் மிகாமியின் பையிலேயே இருந்தது. இரவு முழுவதும் புரண்டான். அழிக்கவில்லை.

"நேத்து வீசினது யாரு தம்பி?" என்றார் உராபே.

"நான்தான் சார்."

"அடடா. தாள் இருக்கா?"

கை தானாகத் தாளை நீட்டியது. உராபே கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் வரிவரியாக இறங்கினார். நூத்தி நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, நாப்பத்தஞ்சு. கடைசியில் விரல் நின்றது.

"நூத்தி அம்பதா? நூறு பந்துக்கு மேல வீசினப்புறமா?"

மிகாமி வாயைத் திறப்பதற்குள் மைதானத்தில் கஷிவாகி அடுத்த பந்தை வீசக் காலைத் தூக்கிவிட்டான். கேட்சர் கையுறையில் பந்து விழுந்த சத்தம் வெடி போட்ட மாதிரி இருந்தது. மிகாமி கன்னைப் பார்த்தான். 150. ஒன்று, இரண்டு, மூன்று. அழிந்தது.

உராபே தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அவருடைய கன் இன்னும் மடியிலேயே கிடந்தது. "பாக்காம விட்டுட்டேனே. எவ்ளோ?"

"நூத்தி அம்பது, சார்."

உராபே அவனைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "நானும் இப்படி ஒரு டீம்ல ஆடினவன்தான் தம்பி. நீ அவனுக்கு, அவன் உனக்கு. கொசுறு எனக்குத் தெரியாதா?"

மிகாமிக்கு முகம் சுட்டது. கஷிவாகி பந்து வீசும் மேட்டில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான். அந்தப் பந்தை இன்னொரு முறை அதே மாதிரி வீசுவானா என்பது யாருக்குத் தெரியும்? வீசியது வீசியதுதான். போன் மறுபடியும் அதிர்ந்தது.

"சார்."

"ம்."

"இவனோடது நெசம். எனக்குத்தான் கொசுறு. நூத்தி நாப்பத்தேழு."

பையிலிருந்து ரப்பரை எடுத்து நீட்டினான். உராபே அதை வாங்கவில்லை. பிறகு குறிப்பேட்டைத் திறந்து ஏதோ எழுதத் தொடங்கினார். யாருடைய பெயர் என்று எட்டிப் பார்க்க மிகாமிக்குத் துணிவில்லை. ரப்பரை இடது கைக்குள் இறுக்கிக்கொண்டு கன்னைத் தூக்கினான். கஷிவாகி இன்னும் வீசவில்லை. மேட்டுக்கு மேலே, எதிர்க்காற்றில் முன்னே போக முடியாமல் ஒரு காக்கை இறக்கை அடித்துக்கொண்டிருந்தது. அதற்கும் கன்னில் 9 என்று விழுந்தது.