இடது பின்கதவில் உஸ்மா

தண்டையார்பேட்டையில் ஜாபர் தன் கறுப்புக் காரின் பானெட்டை முதன்முறையாக மெருகேற்றி முடித்தபோது, அதில் தெரிந்தது அன்றைய வானம் அல்ல; போன வருடத்து ஐப்பசி மாத வானம். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, பானெட்டுக்குள் மழை பெய்துகொண்டிருந்தது. ஜாபர் குனிந்து பார்த்தார். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், அதில் மிதந்து போகும் ஒற்றைச் செருப்பு, எதிர்வீட்டு பிலோமியின் இரும்புக் கேட்டில் பழைய பச்சைப் பெயின்ட். பிலோமி அந்தக் கேட்டுக்குச் சிவப்பு அடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, வஞ்சிரத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போன வாரம் அது. தெருவெல்லாம் அதே பேச்சாக இருந்ததால் காரைப் பார்க்க வந்தவர்கள் குறைவு.

ஜாபர் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நான்கு வருடங்களுக்கு முன் அந்தக் காரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியதே மகள் உஸ்மாவுக்காகத்தான். அவள் பஸ்ஸில் ஏறி நாலு பேர் பார்வையில் நின்றுகொண்டு கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை என்பதற்காக. இரண்டு மழைக்காலங்களுக்கு முன் காய்ச்சல் வந்து, பத்தொன்பது வயதில் அவள் இறந்துபோனாள். அதன் பிறகு காரில் யாரும் ஏறவில்லை. வாசலில் நின்று சாம்பல் பூத்துக்கிடந்தது. பழைய கார்களை வாங்கி விற்கும் ஷாரிக், ஜாபரைவிட வயதில் சின்னவன், போகும்போதும் வரும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். “சும்மா நிக்கிற வண்டிய எத்தினி நாளு பாத்துகினு இருப்ப மாமு? கண்ணாடி மாதிரி பண்ணு, நான் தள்ளி வுட்டுர்றேன்.” பாலிஷ் போடும் மெஷினையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

பளபளப்பு என்பது காரின் மேல் பூசப்படுவது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது காரிலிருந்து எடுக்கப்படுவது. நிறத்துக்கு மேலே நிறமில்லாத ஒரு வார்னிஷ் படலம் இருக்கிறது. தலைமுடியின் கனத்தில் முக்கால்வாசி இருந்தால் அதிகம். அந்தப் படலம் சமமாக இருக்கும்வரை அதில் விழும் வெளிச்சம் நேராகத் திரும்பி வரும், முகம் தெரியும். கீறல் விழுந்தால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும், முகம் கலங்கும். கீறலை நிரப்ப வழியில்லை. கீறலின் அடிமட்டம் எதுவோ அதுவரைக்கும் சுற்றியிருக்கும் படலத்தைத் தேய்த்து இறக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு மெருகுக்கும் படலம் கொஞ்சம் செலவாகிறது, செலவானது திரும்பி வருவதில்லை.

அந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் உலர்ந்த துணியால் வண்டியை ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போவார்கள். வேறு ஊரில் அதனால் பெரிய கேடு இல்லை. இங்கே வடக்குக் காற்று வீசினால் எண்ணூரிலிருந்து சாம்பல் வரும். அது அடுப்புச் சாம்பல் போல மெத்தென்று இருப்பதில்லை. அனல் மின் உலையின் சூட்டில் உருகி உறைந்த மிகச் சிறிய கண்ணாடி மணிகள் அவை. அதோடு தண்டவாளத்து இரும்புத் தூள், கடல் உப்பு. அதன் மேல் உலர்ந்த துணியை இழுத்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான். ஜாபரும் வருடக்கணக்கில் தன் பழைய லுங்கியால் அப்படித் துடைத்தவர்தான். இப்போது அவர் முறையாகச் செய்தார். காரை நிழலுக்குத் தள்ளி, ஒரு வாளியில் ஷாம்பூத் தண்ணீரும் இன்னொரு வாளியில் வெறும் தண்ணீரும் வைத்து, ஒவ்வொரு முறையும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டே மறுபடி ஷாம்பூவில் தோய்த்தார். ஒட்டிக்கிடந்த இரும்புத் துகளை அதற்கென விற்கும் களிமண் கட்டியால் வழித்தெடுத்தார். கட்டி ஒருமுறை கைதவறித் தரையில் விழுந்தபோது, மண் ஒட்டியிருக்கும் என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கிவந்தார். அதன் பிறகு காம்பவுண்டு என்னும் மெருகுப் பசையைத் தொட்டு வைத்து, மெஷினை அழுத்தாமல், அவசரப்படாமல், வயலை உழுவது போல ஒரு கோட்டின் மேல் அடுத்த கோடு பாதி ஏறும்படி ஓட்டினார். ஓட்டி முடித்துத் துடைத்தபோது ஐப்பசி மழை தெரிந்தது.

இரண்டொரு நாளில் விஷயம் விளங்கிவிட்டது. காரின் மேல் விழுந்த வெளிச்சம் எல்லாமும் திரும்பிப் போய்விடவில்லை. கொஞ்சம் படலத்துக்குள் ஊறித் தங்கியிருக்கிறது. பழையது அடியில் இறங்க இறங்கப் புதியது மேலே படிந்திருக்கிறது. தேய்த்து இறக்கினால் முந்தின நாட்கள் மேலே வருகின்றன. ஷாரிக் வந்து பானெட்டின் முன் நின்று தலையைச் சீவப் போனான். அவன் முகத்துக்குப் பதில் குடை பிடித்துக்கொண்டு மூக்கை நோண்டியபடி போகும் போன வருடத்து ஷாரிக் தெரிந்தான். “இத்த எவன் மாமு வாங்குவான்? வாங்குறவனுக்கு அவன் மூஞ்சி வேணும்” என்று சொல்லிவிட்டு, விற்கும் பேச்சை அன்றோடு விட்டுவிட்டான். பிலோமிக்கு வேறு கவலை. அவள் வாசலில் வைத்திருந்த தண்ணீர் டிரம் ஒன்று பொங்கலுக்கு முந்தின பொங்கலில் காணாமல் போயிருந்தது. “எவன் தூக்கினான்னு பாத்து சொல்லுண்ணே, அந்தப் பொறம்போக்கக் கேட்டுட்டு வர்றேன்” என்று மட்கார்டு பக்கமாக அடிக்கடி வந்து எட்டிப் பார்த்தாள். முதலில் டிரம் இல்லாத வாசல் தெரிந்தது, அடுத்த ஓட்டில் டிரம்மோடு தெரிந்தது; அதைத் தூக்கிய நாள் நடுவில் தேய்ந்து போயிருந்தது.

ஜாபருக்கு டிரம்மும் மழையும் பொருட்டில்லை. அவர் நினைப்பெல்லாம் இடது பின்கதவின் மேல் இருந்தது. உஸ்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் உதட்டோரத்தில் ஒரு வெண்புள்ளி வந்தது. பிறகு கண்ணிமைகளில் வந்தது, பிறகு கன்னத்தில். வலிக்கிற நோய் இல்லை, ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை. மருத்துவர்கள் அதைச் சொன்னார்கள், பெண் பார்த்துப் பேசும் உறவுக்காரர்கள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் பீரோக் கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டினாள். யாரையும் படம் எடுக்க விடவில்லை. கல்லூரி அடையாள அட்டையில் தன் முகத்தை மட்டும் குண்டூசியால் சுரண்டி எடுத்திருந்தாள். தன் முகத்தை எதிலும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஜாபரிடம் ஒருமுறை கேட்டாள், அவரும் சரியென்று ஃபோனில் இருந்ததையெல்லாம் அழித்தார். அவள் போன பிறகு வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. ஆனால் முக்காட்டை ஒழுங்காகக் கட்ட எதையாவது பார்த்தாக வேண்டுமே. காருக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி உண்டு. தினமும் காலையில் அவள் அதற்குள் போய், கீறல் விழுந்து மங்கிக்கிடந்த இடது பின்கதவைப் பார்த்துக் கட்டிக்கொள்வாள். அந்த மங்கலில் தலையின் வடிவம் மட்டும் தெரியும், புள்ளிகள் தெரியாது. ஜாபர் அதைக் கண்டும் காணாதவர் போல, காரை எப்போதும் அதே பக்கமாக, அதே இடைவெளி விட்டு நிறுத்தி வந்தார். தேய்த்து இறக்கினால் இரண்டு வருடத்துக் காலைகள் அந்தக் கதவுக்குள் இருக்க வேண்டும். அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறோமா என்று அவர் யோசித்தார். தான் வைத்துக்கொள்ளவில்லை, கார்தான் வைத்துக்கொண்டது என்று தீர்மானித்தார்.

முதலில் டிக்கி மூடியில் பழகிப் பார்த்தார். ஓர் ஓட்டுக்கு எவ்வளவு நாள் இறங்குகிறது என்று கை அறிய வேண்டியிருந்தது. விளிம்பில் கொஞ்சம் அதிகம் நின்றுவிட்டதில் வார்னிஷும் போய், கறுப்பும் போய், அடியில் இருந்த சாம்பல் நிறப் பூச்சு எலும்பு போல வெளியே தெரிந்தது. அந்த இடத்தில் எந்த நாளும் தெரியவில்லை. இதுதான் எல்லை என்று தெரிந்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடது பின்கதவுக்கு வந்தார். வெறும் சுவர் தெரிந்த மாதங்கள் முதலில் போயின. பிறகு உஸ்மா வந்தாள். பச்சை முக்காடு, பல்லில் கடித்த ஊசி, உதட்டோரத்தில் வெள்ளை. அவள் உயிரோடிருந்தபோதுகூட அவர் அவள் முகத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை, பார்த்தால் திருப்பிக்கொள்வாள். ஊசியைக் குத்தி முடித்த பிறகும் அவள் போகவில்லை. தலையைச் சாய்த்துத் தன்னையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையில் வெறுப்பு இருந்த மாதிரி தெரியவில்லை.

ஜாபர் மெஷினை அணைத்துவிட்டு மனைவி ரஹீமுன்னிசாவைக் கூப்பிட்டார். அவள் இடைவெளிக்குள் பக்கவாட்டில் நுழைந்து, பார்த்து, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அழவில்லை. மகள் காலையில் எதுவும் சாப்பிடாமலே கிளம்புவாள் என்பதை மட்டும் சொன்னாள். அன்று முதல் அவளுடைய ஃபஜ்ர் என்னும் அதிகாலைத் தொழுகைக்குப் பின்னான நேரமெல்லாம் அந்த இடைவெளியில் கழிந்தது.

கதவின் மேல் தூசி படியாமல் இருக்குமா? மறுநாளே படிந்தது. ரஹீமுன்னிசா முந்தானை நுனியால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டாள், பிள்ளைகளுக்குத் துடைத்துவிடுகிற மாதிரி, மெதுவாக. ஒரு வாரத்துக்குள் கன்னத்தின் மேல் சிலந்தி வலை போலக் கீறல் பரவியது. ஜாபர் பதறிப்போய், சாம்பல் என்றால் என்ன, அது எப்படிக் கீறுகிறது என்று உட்காரவைத்து விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். உறை போட்டுப் பார்த்தார்கள். காற்றில் உறை அசைந்து அதுவே தேய்த்தது. கையே படாமல் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்துப் பார்த்தார்கள். அந்தப் பகுதியின் நிலத்தடி நீர் உப்பு. காய்ந்ததும் உஸ்மாவின் நெற்றியிலும் மூக்கிலும் புதிது புதிதாக வெள்ளைப் புள்ளிகள் நின்றன. ரஹீமுன்னிசா அதைப் பார்த்துவிட்டு முந்தானையை எடுத்து அழுத்தித் துடைத்தாள். ஜாபர் தடுக்கப் போனார்.

“இருந்தது பத்தலன்னு இதுவுமா? வுடுங்க” என்றாள்.

கீறலை எடுக்க ஒரே வழிதான் இருந்தது. அவர் கதவை மறுபடி மெருகேற்றினார். முகம் தெளிந்தது, ஆனால் அது முந்தின வருடத்து உஸ்மா, கன்னப் புள்ளி இன்னும் காது வரை போகாதவள். மறுபடி தூசி, மறுபடி முந்தானை, மறுபடி மெஷின். ஒவ்வொரு மெருகுக்கும் அவள் இளையவளானாள். புள்ளிகள் கன்னத்திலிருந்து இமைக்குச் சுருங்கின. கடைசியாக, கார் வாங்கி வந்த முதல் காலைக்கு வந்து சேர்ந்தார்கள். பதினேழு வயது உஸ்மா கதவுக்கு மிக அருகில் முகத்தை வைத்து, இது நமக்குத்தானா என்பது போலப் பார்த்தாள். இதற்கு அடியில் அவள் இல்லை. ஜாபர் மெஷினை ஷாரிக்கிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, இனி துடைக்காமல் இருந்தால் இவள் இருப்பாள் என்று மனைவியிடம் சொன்னார். அவள் சரி என்றாள். சொன்னபடி இருந்தும் காட்டினாள்.

மார்கழியில் வடக்குக் காற்று விடாமல் வீசியது. சாம்பல் முதலில் முக்காட்டை மறைத்தது, பிறகு நெற்றியை, பிறகு கண்களை. கதவு முழுவதும் ஒரே சாம்பல் நிறமானது. அதற்குப் பின்னால் அவள் ஒரு கீறலும் இல்லாமல் பத்திரமாக இருந்தாள், யாருக்கும் தெரியவில்லை. ரஹீமுன்னிசா தினமும் இடைவெளிக்குள் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்தாள். சோறு இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஜாபரின் முன் வந்து நின்றாள்.

“பத்திரமா கீறான்னு சொல்றீங்க. கபுருக்குழிலயும் பத்திரமாத்தான் கீறா. எம்புள்ள மூஞ்சில மண்ணு கெடக்குது, அத்தப் பாத்துகினு என்னால உக்கார முடியாது.”

ஜாபர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவளோடு இடைவெளிக்குள் நுழைந்தார். அவள் முந்தானையால் துடைத்தாள், அவர் தன் கைக்குட்டையால் துடைத்தார். உஸ்மா வெளியே வந்தாள். அன்றிலிருந்து தினமும் இருவரும் சேர்ந்தே துடைத்தார்கள். கண்கள் பங்குனி வரைக்கும் தெரிந்தன. உதடு அதற்கு முன்பே போய்விட்டது. தலையின் வடிவம் மட்டும் கொஞ்ச நாள் மங்கலாக நின்றது. உஸ்மா உயிரோடு இருந்தபோது அந்தக் கதவில் பார்த்தது அவ்வளவுதான். அதுவும் ஒரு காலையில் தேய்ந்த படலத்தோடு துணியில் வந்துவிட்டது.

இப்போது அந்தக் கதவில் தெரிவது, காரின் முதல் சொந்தக்காரர் ஊரின் மஞ்சள் சுவர் ஒன்று. ஆள் யாரும் இல்லை. எந்த ஊர் என்று ஷாரிக்குக்கும் தெரியவில்லை. அந்தச் சுவரில் காலை ஏழு மணிக்கே நல்ல வெயில் விழுகிறது. அது கதவைத் தாண்டி வெளியேயும் வந்து, பொதுவாகப் பகல் முழுக்க நிழலாகக் கிடக்கும் அந்த இடைவெளியைச் சூடாக்குகிறது. பிலோமி வந்து ரஹீமுன்னிசாவிடம் அந்த இடத்தைக் கேட்டாள், அவளும் தலையாட்டினாள். அதிலிருந்து பிலோமி அங்கே சாக்கை விரித்து நெத்திலி காயவைக்கிறாள். மொட்டை மாடியில் இரண்டு நாள் எடுப்பது இங்கே மதியத்துக்குள் கலகலவென்று காய்ந்துவிடுகிறது. சாம்பல் படியாமல் இருக்க, ரஹீமுன்னிசா காலையில் மீனின் மேல் ஒரு மெல்லிய துணியைப் போர்த்திவிட்டு உள்ளே போகிறாள்.