காட்சியை நீக்கியது யார்

ரொஸ்னானி பகலில் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெயர் பதிந்துவிட்டு, மாலையில் சிங்கப்பூரின் பிடோக் சமூக மன்றத்தில் நாடகம் ஆடியவள். அரசு கலை மானியம் கிடைத்து அவர்கள் குழு முழுநேர நிறுவனமானதும் ஆஸ்பத்திரி வேலையை விட்டாள். இப்போது நடிப்புக்கே மாதச் சம்பளம். மேலே ஒரு நிர்வாகக் குழு, ஃபைரூஸ் என்றொரு புது மேலாளர், குளிரூட்டிய ஒத்திகை அறை.

முதல் நாடகமாகத் தங்கள் பழையதையே எடுத்தார்கள். அரசு வீடு கேட்டு வரும் கிழவியை ஓர் அதிகாரி மேசைக்கு மேசை அலைய விடுகிற காட்சிக்கு ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கிழவி ரொஸ்னானி, அதிகாரி ஜம்ரி. ஒத்திகையில் அந்தக் காட்சி மட்டும் வரவேயில்லை.

அண்ணனை அபாங், அக்காவை காக் என்று கூப்பிடும் மலாய்க் குழு அது. இயக்குநர் யாசித்திடம் கேட்டாள்.

"அபாங், கிழவி சீன் எங்க போச்சு?"

"ஃபைரூஸ் வேணாம்னான் போல."

ஃபைரூஸ் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலை நிமிர்ந்தான். "நானா? அபாங்தான் தூக்கிட்டாருன்னு நினைச்சேன் காக். மானியம் வாங்குற இடம், எதுக்கு வம்புன்னு."

"மானியம் குடுக்கறவங்க சொன்னாங்களா?"

"சொல்லல. சொல்ற வரைக்கும் விடலாமா?"

நிர்வாகக் குழுத் தலைவிக்குப் போன் போட்டாள். "கதையில நாங்க கை வைக்கறதில்லம்மா. நீங்களே எடுத்துட்டீங்கன்னதும் பொறுப்பா இருக்கீங்கன்னு சந்தோஷப்பட்டோம்."

யாருமே சொல்லாததை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.

முதல் நாள் நாடகம் முடிந்ததும் மானிய அலுவலகத்து நூர்ஹிதாயா வாசலில் பிடித்துக்கொண்டாள். "கிழவி வரவேயில்லையே காக்? அதுக்குத்தான் அம்மாவயும் இழுத்துட்டு வந்தேன்."

பக்கத்தில் நின்ற யாசித் கூரையைப் பார்த்தார்.

மறுநாள் மேடையில் ஜம்ரி வேறொரு காட்சிக்காக மேசையில் உட்கார்ந்திருந்தபோது, ரொஸ்னானி முதுகைக் கூனிக்கொண்டு உள்ளே போனாள்.

"ஐயா, வீடு கேட்டிருந்தேன்."

ஜம்ரி பேனாவை மூடிவைத்தான். பிறகு பழைய பழக்கம் கை கொடுத்தது. "இந்த மேசை இல்ல பாட்டி. அந்த மேசை."

அரங்கமே குலுங்கியது.

திரைக்குப் பின்னால் திட்டு வாங்கத் தயாராக நின்றாள். யாசித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "கொஞ்சம் நீளமாயிடுச்சு" என்றார். அவ்வளவுதான்.

ஃபைரூஸ் வந்தான். "நாளைக்கும் உண்டா காக்? லைட்காரர் கேக்கறாரு."

"அத யார்கிட்ட கேக்கணும்?"

"தெரியல" என்றான். பிறகு, நாளைக்கும் விளக்கைப் போடச் சொல்லப் போனான்.