கை தட்டுவதற்கு விட்ட இடம்

ஜெரினின் காதலில் சிக்கல் ஒன்றே ஒன்றுதான். அது அஞ்சலியின் அப்பா லூர்துநாதன்.

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் மேடையேறி ஒரு 'திஸ்கூர்' பேசாமல் இறங்க மாட்டார். அவர் பேச்சு முடிவதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகிவிடும். போன வருஷம் ஒருவர் நடுவில் எழுந்து நோணாங்குப்பம் போய்ப் படகில் சுற்றிவிட்டுத் திரும்பினார் என்று புதுச்சேரியில் சாரம் பகுதி முழுக்கப் பேச்சு. அதை அந்த ஆள் இதுவரை மறுக்கவில்லை.

இப்போது அவருடைய மூத்த மகளுக்கே, அஞ்சலியின் அக்காவுக்கே கல்யாணம். கண்புரை அறுத்த பிறகு லூர்துநாதனுக்குத் தாளில் எழுத்து பிடிபடவில்லை. ஜெரினைக் கூப்பிட்டனுப்பினார்.

"என் பேச்சு டிவி பொட்டியில பெருசா ஓடணும். நான் எங்கயும் தடுமாறக் கூடாது. நல்லபடியா முடிஞ்சா அஞ்சலி விஷயத்தைப் பேசலாம். சொதப்பினா இந்தக் குருசுக்குப்பம் பக்கமே வராத."

"சரிங்க மாமா."

"மாமாவா? மரியாதையா முசியேன்னு கூப்பிடு."

ஜெரின் லினக்ஸ் தவிர வேறு எதையும் தொடாதவன். அஞ்சலி தட்டச்சு செய்து கொடுத்த பேச்சைத் தன் கணினியில் ஏற்றினான். கறுப்புத் திரையில் more என்று அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். திரை நிறைய எழுத்து வந்து நிற்கும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் அடுத்த பக்கம். எத்தனை சதவீதம் முடிந்தது என்று அடியில் எண்ணும் தெரியும்.

ஒத்திகையில் அவன் விரல் ஏதோ தப்பான விசையில் பட்டுக் கணினி 'பீப்' என்றது. லூர்துநாதன் விறைப்பாக நின்றார். பிறகு பேச்சு தடைப்பட்டதென்று முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுபடி பீப், மறுபடி முதலிலிருந்து. கடைசிவரை முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. அந்தச் சத்தத்தை நிறுத்த more-க்குப் பக்கத்தில் -d என்று சேர்த்தான்.

கல்யாணத்தன்று காலையில்தான் மீதியைப் புரட்டிப் பார்த்தான். எங்கு பார்த்தாலும் வெற்று வரிகள். சில பக்கங்களில் பாதித் திரை காலி. 'பாவம், அஞ்சலிக்கு எண்டர் விசை சிக்கிக்கிட்டிருக்கு' என்று நினைத்துக்கொண்டு -s என்பதையும் சேர்த்தான். அடுத்தடுத்து எத்தனை வெற்று வரி இருந்தாலும் அதை ஒன்றாகச் சுருக்கிவிடும்.

மாலை வரவேற்பு. பூந்தொட்டிகளுக்கு நடுவே மானிட்டர், அதன் முன்னே கையில் ஒயின் கிளாஸுடன் லூர்துநாதன், திரைச்சீலைக்குப் பின்னால் கீபோர்டுடன் ஜெரின். அவர் பூட்ஸைத் தட்டினால் இவன் பக்கத்தைத் தள்ள வேண்டும்.

சமையல்காரர் தேவதாஸ் கரண்டியோடு வந்து நின்றார். "தம்பி, தம் எப்ப உடைக்கலாம்? போன தடவை இவரு பேசுனதுல என் பிரியாணி களியாயிடுச்சு."

"நம்பர் பாத்துச் சொல்றேண்ணே. பொழுது இருக்கு, போய் உக்காருங்க."

பூட்ஸ் தட்டியது. ஸ்பேஸ். மறுபடி தட்டியது. லூர்துநாதன் மூச்சு வாங்க மட்டும் நின்று, அணிவகுப்பு போல வாசித்துக்கொண்டே போனார். அடியில் இருந்த எண் முப்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தாண்டியது.

அஞ்சலி பட்டுப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா ஏன் எங்கயும் நிக்க மாட்டேங்கிறாரு?"

"ஏன் நிக்கணும்?"

"ஒரு காலி வரின்னா மூச்சு. மூணு வரின்னா கைதட்டறதுக்கு. ஆறு வரின்னா கிளாஸைத் தூக்கி ஒரு வாய் குடிக்கணும். கைதட்டு வர்ற வரைக்கும் நிப்பாரு. வரலைன்னா இன்னும் நிப்பாரு. அதை எல்லாம் எண்ணி எண்ணி அடிச்சேன் நானு. என்ன பண்ணின?"

நடுவில் நிறுத்தி -s-ஐ எடுத்தால் பேச்சு முதல் பக்கத்துக்கே போய்விடும். அவரும் கூடவே போவார். பூட்ஸ் தட்டியது. வேறு வழியின்றி ஜெரின் ஸ்பேஸைத் தட்டினான்.

"எண்பது!" என்று எட்டிப் பார்த்த தேவதாஸ் அடுப்படிக்கு ஓடினார்.

பேச்சு முடிந்தது. மண்டபம் ஒரு கணம் நம்பவில்லை. லூர்துநாதன் "மெர்சி" என்று நன்றி சொன்னதும் கூரை அதிரக் கைதட்டினார்கள். பின்வரிசையில் விசில்கூடக் கேட்டது. பிரியாணி ஆவி பறக்க வந்தது.

லூர்துநாதன் திரைச்சீலையை விலக்கினார். கையில் கிளாஸ் தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"நான் குடிக்கிற இடம் எங்கடா போச்சு?"

ஜெரின் -s பற்றி உள்ளதைச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து நின்றான். அவர் வாய் திறப்பதற்குள் போன வருஷம் நடுவில் எழுந்து படகுச் சவாரி போனவர் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "முசியே, பேச்சுன்னா இது பேச்சு. உக்காந்த எடத்த விட்டு நான் எழுந்திருக்கவே இல்ல."

லூர்துநாதன் மீசையைத் தடவினார். "கொஞ்சம் சுருக்கினேன்" என்றார்.

அந்த ஆள் போனதும் லூர்துநாதன் ஜெரின் பக்கம் திரும்பிக் கிளாஸை ஒரே மடக்கில் காலி செய்தார். "அந்த எஸ் விஷயம் வெளிய போவக் கூடாது."

"சரிங்க முசியே."

"மாமான்னு சொல்லேண்டா." ஜெரின் சிரிப்பதற்குள் அவர் விரலை நீட்டினார். "ஆனா உங்க கல்யாணத்துல அந்த எஸ் இருக்கக் கூடாது. எல்லா வரியும் எனக்கு வேணும்."

தட்டோடு வந்த தேவதாஸ் அதைக் கேட்டார். "அப்ப அன்னிக்குப் புளிசாதமே போட்டுடலாம் தம்பி. ஆறினா ஒண்ணும் ஆவாது."