அண்ணன் வீட்டு ஒயர்

செவ்வந்தியின் குரல் மூத்தார் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

தொண்டையில் புற்றுநோய் என்று சென்னையில் அவள் குரல்வளையை எடுத்து நான்கு வருடம் ஆகிறது. அப்போது மகள் மோகனப்பிரியாவுக்கு இரண்டு வயது. அம்மா பேசியது அந்தக் குழந்தைக்கு நினைவில்லை. ஆபரேஷனுக்கு முந்தின ஆடியில், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று செவ்வந்தி பாடியதை மூத்தார், கணவனின் அண்ணன் ஜெகதீஸ்வரன், வீடியோ எடுத்து வைத்திருந்தார்.

ஆனால் அவரும் செவ்வந்தியின் கணவன் ஆதிநாராயணனும் பேசிக்கொள்வதில்லை. ஏரியில் இன்ன நாள், இன்ன இடத்தில், இன்னார்தான் வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். ஆதி ஆஸ்பத்திரியில் மனைவியோடு இருந்தபோது அவனுடைய பாடு நாளில் அண்ணன் வலை போட்டுவிட்டார். நாள் வீணாகக் கூடாது என்றுதான் போட்டேன் என்றார். ஆதி கேட்கவில்லை. உன் வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று ஊர் நடுவில் சொல்லிவிட்டு வந்தான்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணி அம்மணி வேலியோரம் வந்து நின்றாள்.

"கம்ப்யூட்டரு உள்ள கடகடன்னு சத்தம் போடுது ஆதி. பழவேற்காட்டு டேவிட் வந்து பார்த்தாரு. ஹார்டு டிஸ்க்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு கீதாம். நிறுத்தினா மறுபடி எழுந்திருக்காதாம். செவ்வந்தி படத்த அதுக்குள்ள எடுத்துக்கோ."

"பென் டிரைவ்ல போட்டுக் குடு அண்ணி."

"அந்த ஓட்டையெல்லாம் உப்புக்காத்துல துருப்புடிச்சிக் கெடக்குது. உன் லேப்டாப்ப எடுத்தாந்து பக்கத்துல வெச்சி ஒயர் மாட்டினா அரை மணி நேர வேலைன்னாரு. வா."

"அந்த வாசப்படிய நானும் மிதிக்க மாட்டேன், என் லேப்டாப்பும் தாண்டாது அண்ணி."

"வாசப்படி இன்னா பண்ணுச்சி உன்ன?"

அவன் வேலியை விட்டுத் திரும்பி நடந்தான்.

இரண்டு வீட்டுக்கும் இன்டர்நெட் ஒன்றுதான். வைஃபை பெட்டி ஆதி வீட்டில் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் அவன் லேப்டாப்புக்கும், இன்னொன்று சுவரைத் துளைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் போனது. ஒரு நாள் இவர்கள், ஒரு நாள் அவர்கள் என்று பாடு மாதிரியே பெண்கள் இருவரும் முறை வைத்து, சண்டை வராமல் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒயர் வழியாகவே படங்களைக் கொண்டுவர டேவிட் வழி செய்து கொடுத்துவிட்டுப் போனான். மொத்தம் பதினாலு வீடியோப் படம். செவ்வந்தி பாடுவது கடைசி மூன்றில்.

ஒன்பது மணிக்குத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு நான்கு வந்திருந்தது. செவ்வந்தி லேப்டாப்பின் முன்னால் இருந்து நகரவில்லை. ஒவ்வொரு படம் வந்ததும் மகளிடம் ஒரு விரலை நீட்டிக் காட்டினாள்.

ஆதி டேவிட்டுக்குப் போன் போட்டான். "ஏம்ப்பா, நத்தை மாதிரி ஊருது."

"ஒயர்ல எங்கனா ஜாயிண்டு கீதா அண்ணே?"

"எலி கடிச்சிச்சின்னு நான் ஒரு ஜாயிண்டு போட்டேன். கிழிஞ்ச வலை பொத்துற கை இது. என் முடிச்சு அவுராது."

"அதப் பிரிச்சிப் பாருங்கண்ணே."

"அது நல்லா கீது. வேற எதுனா சொல்லு."

இரண்டு மணிக்கு செவ்வந்தி மகளைக் குளிப்பாட்டப் போனாள். அப்போதுதான் ஆதி பெட்டியைக் கவனித்தான். அண்ணன் வீட்டு ஒயருக்கு மேலே இருந்த விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. இன்று முறை அவனுடையது. அன்றைக்கு என் நாளில் வலை போட்டவர் இன்றைக்கு என் நாளில் சினிமா பார்க்கிறார், அதனால்தான் இந்தத் தாமதம் என்று நினைத்தான். எட்டிக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். பெட்டி நெட்டுக்குத்தானே, படம் ஒயர் வழியாகத்தானே வருகிறது என்று பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வலை காயப்போட ஏரிக்கரைக்குப் போய்விட்டான்.

குளிப்பாட்டி வந்த செவ்வந்தி, படம் நகராததும் பழைய தாமதம்தான் என்று லேப்டாப் முன்னால் காத்திருந்தாள். ஐந்து மணிக்கு டேவிட் வந்தான். லேப்டாப்பில் எட்டாவது படத்தோடு எல்லாம் நின்றிருந்தது.

"பெட்டிய யாரு நிறுத்தினது? ரெண்டு ஒயரும் அது வழியாத்தானே போவுது."

"அவங்க என் முறையில நெட்டு ஓட்டினாங்க. விளக்கு மினுக்கிச்சி."

"அது உங்க படம் வர்ற விளக்குண்ணே. உங்களுத எடுக்கறதுக்கு நெட்டே வேணாம். முறை இன்னாத்துக்கு?"

அவன் சுவரோரம் குனிந்து ஜாயிண்டைப் பிரித்தான். நைலான் நூலின் முடிச்சு அசையவில்லை. கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது. உள்ளே செம்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாய் உதிர்ந்தது.

"மெதுவா வந்ததுக்கு இதுதாண்ணே காரணம்" என்று சொல்லிவிட்டு டேவிட் அண்ணன் வீட்டுக்குப் போனான். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செவ்வந்தியும், மகளும் பின்னால் ஓடினார்கள். ஆதி அண்ணன் வாசலில், படிக்கு வெளியே நின்றான்.

கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. இறாலுக்கு வைத்திருந்த ஐஸைத் தட்டில் கொட்டி, டேபிள் ஃபேனை அதன் பின்னால் வைத்து, காலையிலிருந்து அம்மணி அதற்குக் காற்றுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடு ஏறினால் சீக்கிரம் போய்விடும் என்று டேவிட் சொல்லியிருந்தான். நான்கு முறை ஐஸ் மாற்றியிருந்தாள்.

"நாலு மணிக்கு சத்தம் நின்னுடுச்சி" என்றாள். "நல்லாயிடுச்சின்னு நெனைச்சேன்."

டேவிட் காதை வைத்துக் கேட்டான். போய்விட்டது என்று தலையை ஆட்டினான்.

ஒருவருக்காக ஒருவர் சத்தமில்லாமல் செய்யும் சின்ன உபகாரத்தை ஆண்டவன் பார்க்கிறான் என்பதை நான் நம்புகிறேன். அன்று அது போதவில்லை.

செவ்வந்தி லேப்டாப்பில் எட்டாவது படத்தைப் போட்டாள். பம்பைச் சத்தம் குரலை அமுக்க, கூட்டத்தில் அவள் வாயசைத்து யாரிடமோ ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

"அம்மா இன்னா சொல்றாங்க நைனா?" என்று மோகனப்பிரியா வாசலைப் பார்த்துக் கேட்டாள்.

ஆதிக்கும் தெரியவில்லை. செவ்வந்தி அவனைப் பார்க்கவில்லை. ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீராக இருந்தது. அவள் மூலையில் கிடந்த துணியை எடுத்து அம்மணியோடு குனிந்து துடைக்கத் தொடங்கினாள்.

"உள்ள வா ஆதி" என்றார் கம்ப்யூட்டர் அருகில் நின்ற ஜெகதீஸ்வரன், நான்கு வருடம் கழித்து. "வழுக்கும், பார்த்து."

அவன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். எங்கே நிற்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.